தொட்டிக்குப் பக்கத்துச் சுவர்

ஞாயிறு, காலை பத்து மணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மீன் தொட்டியும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருபத்தாறு வயசுப் பெண்ணைப் பாப்பா என்று எழுதுகிறேனே என்று முறைக்காதே. உறையின் மேல் உன் முழுப் பெயரையும் பதவியையும் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். தபால்காரருக்கும் தெரியட்டும், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் என் மகள் இன்ஜினியர் என்று.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. நீ போன பிறகு அந்தச் சண்டையும் இல்லை. அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுகிறாய். எனக்கு, "தொட்டித் தண்ணி நம்பர் என்ன?" என்று ஒரு வரி வருகிறது. போதாததற்கு, கடலுக்குள் குழாய் பதிக்கும் படகில் இரண்டு மாதம் வேலை, சிக்னல் கிடையாது, தபால்தான் எப்போதாவது வரும் என்று வேறு சொல்லிவிட்டாய். சரி, நமக்கென்று ஒரு வழி இருக்கவே இருக்கிறது என்று பேனாவை எடுத்துவிட்டேன். காகிதத்தில் நான் பேசும்போது நீ குறுக்கே பேச முடியாது பார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் போனில் வீட்டைக் காட்டச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? காட்டினேன். உன் விமானம் தரை இறங்குவதற்குள் வீடு முழுவதையும் கழுவி முடித்திருந்தேன். உன் அறை பளிச். ஹால் பளிச். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் நீ ஏழு வருஷமாகப் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்த எண்களைக்கூட சோப்பும் ஸ்பாஞ்சும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். அதைப் பார்த்து ஒரு வார்த்தை பாராட்டவில்லை நீ. அந்தச் சுவரை இன்னொரு தடவை காட்டச் சொன்னாய். அப்புறம், "நாலு மாசம் பாருங்கப்பா. தொட்டி நல்லா இருந்தா லீவுக்கு வர்றேன். இல்லன்னா மீன் தொட்டிக் கடைக்காரர்ட்ட சொல்லிடுங்க, வந்து எடுத்துட்டுப் போகட்டும். நானும் லீவு போடாம இங்கயே இருந்துக்கறேன். உங்களால முடியாதுப்பா" என்றாய். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முடியாதா? யாரைப் பார்த்து? ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கப் பிரிவில் இருபத்தேழு வருஷம், அதில் பதினோரு வருஷம் சூப்பர்வைசர். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் ஒவ்வொரு கத்தியும் கத்தரியும் என் கையைத் தாண்டித்தான் போகிறது. ஒரு ட்ரேயைக்கூட தியேட்டரிலிருந்து யாரும் திருப்பி அனுப்பியதில்லை. நாலடித் தொட்டி எனக்கு எந்த மூலைக்கு?

நீ தொட்டியில் ஒட்டிவிட்டுப் போன குறிப்புத் தாளைப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். மீன் சாப்பிட்டு மிஞ்சியதும் அது போட்ட கழிவும் தண்ணீரில் கரைந்து நைட்ரேட், பாஸ்பேட் என்று நிற்கும். மேல் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு வந்து, வடிகட்டிப் பையில் விழுந்து, நுரை எடுக்கும் ஸ்கிம்மரில் அழுக்கை விட்டுவிட்டு, பம்பு வழியாக மறுபடி மேலே போகும். இதை எங்கள் பிரிவில் பலகையில் படம் போட்டுக் காட்டினேன். புதிதாக வந்த மயக்க மருந்து டாக்டரம்மா, "யார் எழுதின குறிப்பு இது? இவ்வளவு தெளிவா இருக்கே!" என்று கேட்டார். யார் எழுதியது என்று சொல்ல எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அவருக்கு அவசரமாம், பாதியில் போய்விட்டார்.

இந்த வார நம்பர்: நைட்ரேட் 20, பாஸ்பேட் 0.15. நீ 5 முதல் 10 வரை, 0.03 முதல் 0.1 வரை என்று எழுதியிருக்கிறாய். கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உன் அம்மா. பள்ளி வேனை நிறுத்திவிட்டு வந்ததும், கையைக்கூடக் கழுவாமல் தொட்டிக்கு முன்னால் நிற்கிறாள். இன்று எந்தப் பிள்ளை வேனில் அழுதது, எந்தச் சிக்னலில் எவன் குறுக்கே வந்தான் என்று கோமாளி மீன்கள் இரண்டிடமும் கதை. கதைக்கு நடுவே ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை என்று இறால் தூள். அந்தப் பெரிய மீனுக்கு "அதிகாரி" என்றும், அதன் பின்னாலேயே அலையும் சின்னதுக்கு "பியூன்" என்றும் பொருத்தமாகத்தான் பெயர் வைத்தாய். அதிகாரிக்கு இப்போது தொந்தி விழுந்துவிட்டது.

பெரியம்மா நலம். பச்சைப் பவளத்தைச் சொல்கிறேன். பக்கத்தில் யார் வந்தாலும் கொட்டிவிடும் என்று நீ அதற்கு இந்தப் பெயர் வைத்தது உன் அம்மாவின் அக்காவுக்கு இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஏழு வருஷத்துக்கு முன்னால், பூ மாதிரி விரியும் ஒரே ஒரு தலையாகக் கொண்டுவந்தாய், இப்போது எண்ணினேன், பதினொன்று. நீ வரும்போது பதினொன்றையும் எண்ணிக் கையில் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். படகில் ஓரமாக நிற்காதே.

ஆசிகளுடன்,
அப்பா

---

ஐந்தாவது ஞாயிறு

அன்புள்ள பாப்பா,

முதலில் செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் பூஜ்யம்.

மூன்று தடவை சோதித்தேன். குப்பியில் சொட்டு விட்டு, பொடி போட்டு, உன் தாளில் சொன்னபடி குலுக்கி, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே நின்றது, ரோஸ் நிறம் மருந்துக்குக்கூட இல்லை. நீ ஏழு வருஷமாக ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் திண்டாடினாய். அப்பாவுக்கு ஐந்து வாரம். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

எப்படி என்று கேள். வடிகட்டிப் பையை நீ மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றச் சொன்னாய், நான் தினமும் மாற்றுகிறேன். ஸ்கிம்மரை முழு வேகத்தில் விட்டேன். அது கக்கும் கறுப்புத் தண்ணீரின் நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! ஆனால் அதைக் கொட்டும்போது ஒரு நிம்மதி. பாஸ்பேட்டைப் பிடிக்கும் துருநிறக் குருணையை இரண்டு மடங்காகப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, இறால் தூள் டப்பாவை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில். இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை, அதுவும் என் கையால்.

உன் அம்மா ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. அப்புறம், "தாள்ல அஞ்சுன்னுதானே போட்டிருக்கா, நீங்க எதுக்குப் பூஜ்யத்துக்குப் போறீங்க?" என்றாள். நான் சொன்னேன், பாப்பா உன்னை மாதிரி கொஞ்சம் சோம்பேறி, தனக்கு ஐந்து வரை சலுகை கொடுத்துக்கொண்டாள், தேர்வில் முப்பத்தைந்து எடுத்தால் போதும் என்கிற மாதிரி, நூறு எடுக்க முடிகிறவன் எதற்கு முப்பத்தைந்தில் நிற்க வேண்டும் என்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றாள். இந்தப் பழமொழியை அவள் நாளைக்கு நாலு தடவை சொல்கிறாள், அதுவே அளவுக்கு மிஞ்சித்தான் போகிறது.

இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது தெரியுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீரே இல்லாத மாதிரி இருக்கிறது. பெரியம்மா மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிகிறாள். தண்ணீர் சுத்தமானதால் விளக்கு கூடுதலாகப் படுகிறது என்று நினைக்கிறேன்.

லீவுக்கு விண்ணப்பம் போட்டுவிடு.

ஆசிகளுடன்,
அப்பா

---

ஏழாவது வாரம்

பாப்பாவுக்கு,

எல்லாம் நலம். வேலை அதிகம், விவரமாக எழுத நேரமில்லை. தொட்டியின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். பதினொரு தலையும் தெரிகிறது பார்.

அப்பா

---

ஒன்பதாவது ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன கடிதத்தில் வைத்த படம் அந்த வாரத்துப் படம் இல்லை. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா எடுத்தது.

இதை எழுதிவிட்டுப் பத்து நிமிஷம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். எங்கள் பிரிவில் ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு டேப் ஒட்டுவோம். சூடு சரியாக ஏறியிருந்தால் அதில் கறுப்புக் கோடு வரும், வராவிட்டால் ட்ரே வெளியே போகக் கூடாது. இருபத்தேழு வருஷத்தில் கோடு வராத ட்ரேயை நான் யாருக்கும் அனுப்பியதில்லை. உனக்கு அனுப்பிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் இந்த விஷயத்தை என்னைவிடப் பத்து மடங்கு தெரிந்தவளிடம். நீ படத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய்.

நடந்ததைச் சொல்கிறேன். பூஜ்யம் என்று உனக்கு எழுதிய மறுவாரம் பெரியம்மாவின் பச்சை, கழுவிக் கழுவிச் சாயம் போன துணி மாதிரி ஆனது. மற்ற சின்னப் பவளங்களும் அப்படியே. அப்புறம் ஒரு நாள் காலையில் மணல் மேல் பழுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. மதியத்துக்குள் கோழை கோழையாக நூல் விட்டு, நூல் நுனியில் காற்றுக் குமிழி வேறு. என் வீட்டு ஹாலில், என் கண் முன்னால் கோழை!

என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். துடைத்தேன். குழாய் வைத்து உறிஞ்சினேன், பாறையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன், பாதித் தண்ணீரை மாற்றினேன். சாயங்காலம் தொட்டி பளபளவென்று இருக்கும். மறுநாள் மதியம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். நானும் விடவில்லை, அதுவும் விடவில்லை. இரண்டு வாரம் இப்படி மல்லுக்கட்டினோம். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன, ஆறு போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை பெரியம்மாவின் ஓரத்துத் தலை ஒன்று சதை கழன்று வெறும் வெள்ளை எலும்பாக நின்றது. வியாழக்கிழமை இன்னொன்று.

பாப்பா, ஒன்பதுதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அலங்கார மீன் கடைக்காரரிடம் போனேன். தொட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லத்தான் போனேன், உன்னிடம் மறைப்பதற்கில்லை. மனுஷர் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ நகர்த்திக்கொண்டிருந்தார். கையை எடுத்துச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு என் நம்பரைக் கேட்டார். சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர், "சார், பட்டினி போட்டிருக்கீங்களே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மீன் போடும் கழிவுதான் பவளத்துக்குச் சாப்பாடாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சமாவது இருந்தால்தான் அதற்கு உடம்பில் வண்ணம், சதை எல்லாம். ஒன்றுமே இல்லாத தண்ணீரில் நல்ல கிருமிகளும் பாசியும் பட்டினியில் ஒழிந்துபோக, காலி வீட்டில் வேண்டாதவன் குடியேறுகிற மாதிரி இந்தப் பழுப்புக் கோழை வந்து உட்கார்ந்துவிடுமாம். நான் மாற்றிய சுத்தத் தண்ணீர் அதற்கு இன்னும் வசதி. "உங்க பொண்ணு அஞ்சுக்குக் கீழ போகாதீங்கன்னு சொல்லலியா?" என்று கேட்டார். சொல்லியிருந்தாள் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

தொட்டியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஆறு வாரம் முயற்சி செய்து பாருங்கள், அப்புறமும் வேண்டாம் என்றால் வருகிறேன் என்றார். அவருடைய பழைய தொட்டியின் அடியிலிருந்து வண்டல் பிடித்த பாறைத் துண்டு ஒன்றை எடுத்து, நல்ல கிருமியெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று சொல்லி, கலங்கல் தண்ணீரோடு ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். அதில் புழு நெளிந்தது, பாப்பா. செருப்போடு யாரையும் உள்ளே விடாத நான், அந்தப் பையைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து குருணையை எடுத்தேன். வடிகட்டிப் பையைக் கழற்றினேன். ஸ்கிம்மரை நாளில் பாதி நேரம் நிறுத்தினேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். அந்தப் புழுப் பாறையை உள்ளே வைத்தேன், அதற்குக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடம் போனேன்.

என்னென்னவோ சொல்வாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க பூட்டுன மறுவாரமே பெரியம்மா முகம் மாறிடுச்சு. சொல்லணும்னு நினைச்சேன். ஆனா நம்பர் உங்க கையில இருக்கும்போது என் பேச்சை யார் கேட்பாங்க?" என்றாள். அவ்வளவுதான். பழமொழிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முதல் சில வாரம் என்னையும் மீறி அந்தத் தொட்டி உயிரோடு இருந்தது என்றால் அது அவள் போட்ட சிட்டிகைகளால்தான். நான் பூட்டிய அன்றைக்குத்தான் உண்மையில் பட்டினி ஆரம்பித்தது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நீ எழுதிய தாளில் ஐந்து என்று இருந்தது. நீ ஏழு வருஷம் பார்த்துப் பார்த்து எழுதிய ஐந்து. அதைப் படித்துவிட்டு, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஊரெல்லாம் என் மகள் என் மகள் என்று தம்பட்டம் அடித்துவிட்டு, வீட்டுக்குள் உன் எழுத்தை மதிக்கவில்லை. அதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொட்டி பிழைக்குமா என்று தெரியாது. பிழைக்காவிட்டாலும் நீ வா என்று எழுத ஆசை. ஆனால் நீ சொன்ன சொல்லை நான் மாற்ற முடியாது. ஆறு வாரம் இருக்கிறது.

மன்னிப்போடு,
அப்பா

---

பதினைந்தாவது ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் நாலு கடிதமும் உனக்கு ஒரே நாளில், ஒரே கட்டாக, படகில் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தாய். பெருமை, பூஜ்யம், பொய், மன்னிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தாயாம். டப்பாவைப் பூட்டிய இடத்தில் நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பெண் ஓடி வந்தாளாம். சிரி, சிரி. நீ சிரித்தாய் என்று படித்ததும் நான் அந்த வரியை அம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நிற்கிறவன்தான் நான், ஆனால் இந்த மண் ஒட்டியே இருக்கட்டும்.

முதலில் கணக்கு. நைட்ரேட் 7. பாஸ்பேட் 0.06. பழுப்புக் கோழை, அந்தப் பாறையை வைத்த மூன்றாவது வாரத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைந்து இப்போது சுத்தமாக இல்லை. மன்னிக்கவும், "சுத்தமாக" என்ற சொல்லை இனிமேல் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். கண்ணாடியில் பச்சைப் பாசி லேசாகப் பிடித்திருக்கிறது. அது நல்ல அறிகுறி என்று கடைக்காரர் சொன்னார். அவரே வீட்டுக்கு வந்து பார்த்தார். செருப்போடு உள்ளே வந்தார். தோள்வரை கையை விட்டார். சட்டையில் துடைத்தார். நான் காபி கொடுத்தேன். "எடுத்துட்டுப் போகணுமா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தொட்டுப் பாருங்கள் என்றேன்.

பெரியம்மாவுக்குப் பச்சை திரும்பிவிட்டது. ஒன்பது தலையும் முழுதாக விரிகின்றன. பதினொன்றையும் கையில் கொடுக்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன், இரண்டை என் கையால் கொன்றேன். அந்த இரண்டு எலும்பையும் வெட்டி எடுக்கவில்லை. ஆனால் கேள்: போன புதன்கிழமை அடிக்காம்பில், உளுந்தளவு, பச்சையாக ஒன்று முளைத்திருப்பதை அம்மா கண்டுபிடித்தாள். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலைதான். நுனியில் நாலு விரல்கூட ஆட்டுகிறது. அன்று ஆஸ்பத்திரியில் நான் மிட்டாய் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். மயக்க மருந்து டாக்டரம்மா இந்தத் தடவை முழுவதும் நின்று கேட்டார்.

அதிகாரிக்குத் தொந்தி பழையபடி, பியூனுக்கும் தலைகாட்டுகிறது. அம்மா சாயங்காலம் கதை சொல்லும்போது நானும் நாற்காலி போட்டு உட்காருகிறேன். அவள் போடுகிறாள், நான் அளக்கிறேன். நம்பர் மூன்றுக்கு இறங்கினால், இன்னொரு சிட்டிகை போடு என்று நானே சொல்கிறேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும். என் பிரிவில் மட்டும் இன்னமும் பூஜ்யம்தான், அதில் யாருக்கும் சலுகை கிடையாது. ஆஸ்பத்திரி வேறு, வீடு வேறு என்று எனக்குப் புரிய இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

இப்போது உன் கடிதத்தின் கடைசி நாலு வரிக்கு வருகிறேன். "அப்பா, மூணாவது வருஷம் நானும் இதேதான் செஞ்சேன். பூஜ்யமாக்கி, எல்லாம் பழுப்பாகி, பெரியம்மாவே சாகக் கிடந்தா. மறுபடி மறந்துடக் கூடாதுன்னு அந்தச் சுவத்துல பெருசா எழுதி, கீழ ரெண்டு கோடு போட்டு வெச்சிருந்தேன். நீங்க அழிச்சது கிறுக்கல் இல்லப்பா" என்று எழுதியிருந்தாய்.

படித்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. இரண்டு கோடு போட்ட இடம். மற்ற எண்களெல்லாம் ஸ்பாஞ்சுக்கே போய்விட்டன. அது மட்டும் அழுத்தி எழுதியிருந்ததால் போகவில்லை. அதற்கென்று பழைய பல்துலக்கும் பிரஷ் எடுத்து வந்து கால் மணி நேரம் தேய்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. என் மகள் எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்த எச்சரிக்கையை, நானே பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, அதே தப்பை அதே தொட்டியில் செய்திருக்கிறேன்.

அன்று ஏன் துடைத்தேன் தெரியுமா? உன்னை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. திரும்பின பக்கமெல்லாம் நீ. தரையில் உன் உப்புக் கறை, நாற்காலியில் உன் துண்டு, சுவரில் உன் கையெழுத்து. வாளியை எடுத்தேன். என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். உன்னைத் துடைத்துப் போட வேண்டும் என்று நினைக்கவில்லை, பாப்பா. நீ இல்லாத வீட்டில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. ஆனால் போனில் அந்தச் சுவரைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். தப்பு செய்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஏழு வருஷத்து எண்கள் போனது போனதுதான், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நீ அழுத்தி எழுதிய அந்த இடத்தில் பென்சில் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அம்மா டார்ச்சைப் பிடிக்க, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். "0, 0. எல்லாம் போச்சு. ஒழுங்கா சாப்பாடு போடு." கீழே இரண்டு கோடு.

அந்தப் பள்ளத்தின் மேலேயே பென்சிலை ஓட்டி, எழுத்துக்கு எழுத்து மறுபடி எழுதிவிட்டேன். உன் கையெழுத்துத்தான், அப்பா சும்மா மேலே போனேன். அதற்குக் கீழே என் பதினைந்து வாரத்து எண்களையும் எழுதியிருக்கிறேன். 20-இல் ஆரம்பித்து, பூஜ்யங்களையும் மறைக்காமல், இன்றைய 7 வரை. நத்தை ஆறு, தலை இரண்டு என்பதும் இருக்கிறது. புதுத் தலை ஒன்று என்பதை மட்டும் அம்மா எழுதினாள், பெரிதாக, என் வரிசையைக் கெடுத்துக் கோணலாக. விட்டுவிட்டேன்.

உன் அறையை ஆறு வாரமாக நான் தொடவில்லை. மேஜையில் தூசி படிந்திருக்கிறது. தொட்டிக்கு முன்னால் தரையில் அம்மா சிந்திய உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக நிற்கிறது, அதைச் சுற்றி நடந்து போகிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு மட்டும்தான் புரியும்.

வருகிறேன் என்றும் நீ எழுதவில்லை, வரவில்லை என்றும் எழுதவில்லை. சொன்ன நாலு மாசம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறோடு முடிகிறது. சுவரில் என் கடைசி வரிக்குக் கீழே அந்தத் தேதியை எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அந்த வார நம்பரை நான் எடுக்கப்போவதில்லை. நீ எடுத்து நீ எழுத வேண்டும். கையில் உப்புத் தண்ணீர் சொட்டினால் சொட்டட்டும், சுவரில் பட்டால் படட்டும். பென்சிலைச் சீவித் தொட்டி மேலேயே வைத்திருக்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் நினைக்கிறோம். வந்து வீட்டை அழுக்காக்கு, பாப்பா. நான் துணியை எடுக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றதில் தலை நிமிர்ந்து நடக்கும்,
அப்பா